நாய்க்குச் சக்கர வண்டி: எடையை மட்டும் கேட்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

பின்னங்கால் விழுந்துபோன டாஷ்ஹண்டுக்கு (நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள இனம்), "அளவெடுத்துச் செய்து தருகிறோம்" என்ற விளம்பரத்தை நம்பி வண்டி வாங்கி ஏமாந்தாயிற்று. வாட்ஸப்பில் விற்பவர் கேட்டது இனமும் எடையும்தான். முழுப் பணமும் முன்பே ஜிபேயில். வந்தது 'எம்' சைஸ் பெட்டி. திருப்பி அனுப்பலாமா என்றால், "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் இல்லை." அளவே எடுக்காததற்குப் பெயர் கஸ்டமாம்!

ஒரே எடையுள்ள டாஷ்ஹண்டுக்கும் ஸ்பிட்ஸுக்கும் இடுப்பு உயரம் ஒன்றாகுமா? வயிற்றுக்கடியில் துண்டு போட்டு ஒருவர் தூக்கிப் பிடிக்க, பாதம் தரையில் பதிய, இன்னொருவர் அளக்க வேண்டும்: தரையிலிருந்து இடுப்பு உயரம், இடுப்பின் அகலம், முன்னங்கால் அக்குளிலிருந்து தொடை மடிப்புவரை நீளம், மார்புச் சுற்றளவு.

வந்த வண்டியில் சக்கர அச்சு இடுப்பைத் தாண்டிப் பின்னால் இருந்தது. பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். அச்சு அதிகம் முன்னால் வந்தாலோ முன்பக்கம் தூக்கும். நகர்த்திச் சரிசெய்யத் துளைகளும் இல்லை. கால் வளையம் ஸ்பாஞ்ச் சுற்றாத வெறும் நைலான் பட்டை, உள்தொடையை அறுத்துவிடும். உணர்ச்சியற்ற இடம் என்பதால் நாய் கத்தாது. கழற்றியதும் விரித்துப் பார்த்தால்தான் புண் தெரியும்.

இதையெல்லாம்விட ஆபத்து அவர் சொன்ன வைத்தியம்: "உடனே கட்டி நடக்கவிடுங்கள், பத்தே நாளில் கால் வந்துவிடும்." முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கிக் கால் விழுந்த நாய்க்கு முதலில் குறைந்தது 4 வாரம் கூண்டுக்குள் ஓய்வு. அப்போது நடக்கவிட்டால் தட்டு இன்னும் பிதுங்கலாம். காலில் வலி உணர்வு மிச்சமிருக்கிறதா என்று மருத்துவர் விரல் எலும்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார்; அப்போது காலை மட்டும் இழுத்தால் அது வெறும் அனிச்சை. திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அன்றைக்கே அறுவை செய்யும் மருத்துவரிடம் போங்கள். படுக்கை நனைவதை வைத்து மூத்திரம் போகிறது என்று நினைக்கவும் வேண்டாம், மூத்திரப்பை நிரம்பி வழிவதாக இருக்கும். கையால் அழுத்தி வெளியேற்றும் விதத்தை மருத்துவரிடம் கற்று, தினம் 3–4 முறை செய்ய வேண்டும்.

வண்டி பழக முதல் நாள் 5–10 நிமிடம் போதும். அதில் படுக்க முடியாது. மாட்டிவிட்டுத் தனியே விடாதீர்கள்.

பணம் கட்டுமுன் டேப் வைத்த படங்களைக் கேட்கிறாரா, அச்சு நகருமா என்று பாருங்கள். பாதிப் பணம் பொருத்திப் பார்த்த பிறகே. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க உதவும்.