சிஸ்டம்டியோடு இத்தனை ஆண்டுகள்: ஒரு பனியன் கம்பெனி சர்வர் அறையிலிருந்து

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சர்வர்களைக் கவனிப்பது என் வேலை. எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. டெபியன் 8 வெளியான 2015இல், சர்வர் எழுந்ததும் மற்ற சேவைகளை எழுப்பிக் கவனிக்கும் சிஸ்டம்டிக்கு மாறினோம், இன்றும் அதில்தான் ஓடுகின்றன. அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த பழைய இனிட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று சிஸ்டம்டியை எதிர்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதனோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

கணினி எழுந்ததும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் ஓட்டிவிடும் முதல் நிரல்தான் இனிட். மற்ற எல்லாவற்றையும் எழுப்புவது அதன் பொறுப்பு. அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைப்பதற்குத்தான் அத்தனை சண்டை. லென்னார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் சிஸ்டம்டியைக் கொண்டுவந்தார்கள், அடுத்த ஆண்டே ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகை ஏற்றுக்கொண்டது. டெபியனில் மட்டும் இழுபறி. 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு, சிஸ்டம்டியா, இன்னொரு இனிட்டான அப்ஸ்டார்ட்டா என்பதில் 4-4 என்று நின்றது. தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கில்தான் சிஸ்டம்டி வென்றது. அப்ஸ்டார்ட்டைப் பெற்று வளர்த்த உபுண்டுவும் சில நாட்களிலேயே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த நவம்பரில், சிஸ்டம்டியை எதிர்த்த இயன் ஜாக்சன் குழுவிலிருந்து விலகினார். கோபித்துப் பிரிந்தவர்கள் சிஸ்டம்டி இல்லாத டெவுவான் என்று தனிக்குடித்தனம் தொடங்கினார்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய நன்மை லேபிள் அச்சிடும் சேவையில். அதற்கென்று முன்பு நீளமான ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. அந்த நிரல் ஓடும்போது தனக்குக் கிடைத்த எண்ணைத் தன் அடைவிலேயே ஒரு கோப்பில் எழுதி வைக்கும். கரண்ட் போய் வந்தால் கோப்பு அப்படியே கிடக்கும், ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சாதிக்கும். பேக்கிங் செக்‌ஷனில் பெட்டிகள் லேபிளுக்காகக் காத்துக் கிடக்கும். இப்போது பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு யூனிட் கோப்பு: டேட்டாபேஸுக்குப் பிறகு எழுந்திரு, விழுந்தால் ஐந்து நொடியில் மறுபடி எழுந்திரு. அவ்வளவுதான்.

தொல்லையும் கரண்ட் வழியாகத்தான் வந்தது. பேக்கப்புக்கான வெளி டிஸ்க், எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருந்தது. ஒருநாள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியும் அந்த டிஸ்க் மட்டும் எழவில்லை. பழைய இனிட்டாக இருந்தால் குறைபட்டு ஒரு வரி எழுதிவிட்டு மேலே போயிருக்கும். சிஸ்டம்டி திரையில் சிவப்பு நட்சத்திரங்களை இடவலமாக ஓடவிட்டு ஒன்றரை நிமிடம் காத்திருந்து, பிறகு பழுதுபார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் நிர்வாகியின் ரூட் பாஸ்வேர்டு கேட்டது. பேக்கப் டிஸ்க்குக்காக முழு சர்வரும் சத்தியாகிரகம்! எஃப்எஸ்டேப் வரியில், இந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ என்று சொல்லும் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் தீர்ந்தது.

ஈரோட்டில் மஞ்சள் மண்டிகளுக்குக் கணினி வேலை பார்க்கும் நண்பர் இன்றும் டெவுவான்தான். ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியது போல’ என்பார். லாக் எனும் நிகழ்வுப் பதிவு, லாகின், பெயர்த் தீர்வு (தளப் பெயருக்கு முகவரி தேடுவது), நேரம் என்று சிஸ்டம்டி ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டதைப் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை. அவருடைய மண்டிக் கணினிகள் காலையில் எழுந்து மாலையில் படுப்பவை. அவற்றுக்குப் பழைய இனிட் தாராளமாகப் போதும்.

எதிர்ப்பால் எனக்கு நேரடியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. 2016இல் வந்த சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறியதும் அவர் விட்டுவைத்த நிரல்களையெல்லாம் கொல்வதை இயல்பாக்கியது. நானோ ஸ்டாக் கணக்கை, வெளியேறிய பின்னும் நிரலை ஓடவைக்கும் ‘ஸ்கிரீன்’ என்ற கருவியில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவன். பெரும் கூச்சல் எழுந்தது, டெபியன் அந்த அமைப்பை அணைத்தே வெளியிட்டது. என் இரவுக் கணக்கு தப்பியது.

லாக் விஷயத்தில் மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை. சிஸ்டம்டியின் லாகான ஜர்னல், வெறும் உரையாக இல்லாத பைனரிக் கோப்பு, அதைப் படிக்க அதற்கென்று உள்ள கருவி வேண்டும். கரண்ட் திடீரென்று போனால் கடைசி சில நிமிடச் சாதாரணச் செய்திகள் டிஸ்க்குக்குப் போகாமலே போகலாம், ஏனென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்துவதுதான் அதன் இயல்பு அமைப்பு. அந்த இடைவெளியைக் குறைத்து வைத்திருக்கிறேன். டெபியன் 12 முதல், லாகை வெறும் உரையாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை என்பதால், புது சர்வர் எதுவானாலும் அதையும் கையோடு நிறுவிவிடுகிறேன்.