ஃபில்டர் காபியா, சுக்கு மல்லிக் காபியா?

கோபியில் இருக்கும் எங்கள் அம்மாயிக்குச் சர்க்கரை, தைராய்டு இரண்டும் உண்டு. "காபியை விட்டுப்போட்டுச் சுக்குக் காபிக்கு மாறிக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார். எனக்கும் அதே யோசனைதான்.

சர்க்கரை
ஃபில்டர்: சீனி போடாவிட்டால் பாலில் இருப்பது மட்டும்தான் கணக்கு.
சுக்கு: பலரும் ஏமாறுவது இங்கேதான். கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. பழநி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நல்ல சரக்குதான், ஆனாலும் உடம்புக்கு அது சர்க்கரையே.

தைராய்டு மாத்திரை
ஃபில்டர்: கூடவே குடித்தால் மாத்திரை உடம்பில் சேருவது குறையும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.
சுக்கு: இதற்கும் அதே இடைவெளி விடுவது நல்லது.

தூக்கம்
ஃபில்டர்: கஃபீன் உண்டு, மாலையில் வேண்டாம்.
சுக்கு: காபித்தூள் கலக்காதவரை கவலையில்லை.

அம்மாயிக்கு நான் சொன்னது: காலையில் ஒரு டம்ளர் சீனியில்லாத ஃபில்டர், சாயங்காலம் இனிப்பில்லாத சுக்கு. அப்புறம், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தினமும் சுக்கு குடிக்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.