சேலத்துக் கொட்டகையில் ஸ்போர்ட்ஸ் கார்: எந்த வழி தேறும்?

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே கட்டக் கிளம்புகிறவர்கள் எஞ்சினில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், டர்போ உண்டா, சத்தம் எப்படி இருக்கும் என்று விடியவிடியப் பேசுவார்கள். சேலத்தில் இருந்துகொண்டு கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஊர்க் கைகள் எதில் தேர்ந்தவை என்பதுதான். சதுரக் குழாயை வெட்டி ஒட்டுகிறவர், லேத்தில் புஷ் கடைந்து தருகிறவர், மாருதி வேன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர் ஆகியோர் இங்கே பக்கத்துத் தெருக்களிலேயே கிடைப்பார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பாகம் உடைந்துபோனால் கை கொடுக்க ஆள் இல்லை. கீழே வரும் வழிகளை இந்தத் தராசில்தான் நிறுத்திருக்கிறேன்.

அதற்கு முன் சட்டம். பிரிட்டனில் கொட்டகையில் கட்டிய காரைத் தனி வாகன ஒப்புதல் தேர்வுக்குக் கொண்டுபோய், தேறினால் பதிவு எண் வாங்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு கதவு கிடையாது. புதிய வண்டியைப் பதிவு செய்ய விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் வேண்டும். அவற்றுக்குப் பின்னால் மத்திய மோட்டார் வாகன விதி 126 நிற்கிறது: மாதிரி வண்டியைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. எனும் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனைக் கூடத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒற்றை வண்டி கட்டுகிற தனி மனிதருக்கு அது ஆகிற காரியமில்லை. பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது.

ஆகவே ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இந்தக் காருக்கு இல்லை. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடம்தான் அதன் இடம். சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் மாமா உங்களுக்கு இருந்தால், தோட்டத்துக் கேட்டுக்குள் ஓடும் தனிப்பாதை கைகொடுக்கும் என்று தோன்றலாம். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொங்கும் எண்ணெய்ச் சட்டி அந்தப் பாதையில் எத்தனை கல் தாங்கும் என்பதை மாமாவின் ஜீப் டிரைவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பெட்டியில் வரும் கார்

இந்த வகைக் கார்களுக்கெல்லாம் மூதாதை, லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். 1973இல் அதன் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது; இன்றும் கிட்டாக, அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பாக, விற்கிறது. அதன் 170 மாடலில் இருப்பது சுசூகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். 84 குதிரைத்திறன், எடை சுமார் 440 கிலோ. டன்னுக்கு 190 குதிரைத்திறன் வருகிறது. கப்பல் கூலியும் சுங்கவரியும் கட்டி அதை இறக்கினாலும் பதிவு எண் கிடைக்காது என்பதுதான் வேடிக்கை. தடத்தில் மட்டும் ஓடப்போகிற வண்டிக்கு அவ்வளவு செலவழிக்கிறவர், கட்டும் இன்பத்தில் பாதியை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்கே விட்டுக்கொடுத்தவர். எனக்கு இது ஒப்பவில்லை.

மெட்ராஸ் ஹெரால்டு

1961 முதல் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கிட் கார் கட்டுகிறவரின் மனத்தைக் கலைக்கக் கூடியது. பாடி தனி, அடிச்சட்டமான சேசிஸ் தனி. போல்ட்டைக் கழற்றினால் மேற்பகுதி மொத்தமும் வந்துவிடும். பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸ் மேல் ஃபைபர் உடல் பூட்டிய கிட்கள் ஏராளமாக வந்தன. டிரையம்ஃபின் முன்சக்கரத் தாங்கிகளை லோட்டஸ் செவனே கடன் வாங்கியிருக்கிறது. ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். அந்த 948 சிசி எஞ்சினுக்கு வலு போதாது. பின்சக்கர அச்சு ஊசலாடும் வகை. வேகமாக வளையும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிச்சக்கரம் உள்பக்கமாக மடிந்து வண்டி சுழலப் பார்க்கும். ஐம்பது வயது கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் விதி வந்திருக்கிறது, அசல் உருவில் இருந்தால் மட்டும். உயிரோடு இருக்கும் ஹெரால்டை அறுத்துப்போடுவது பாவம். துருவில் கரைந்துபோன ஒன்று கிடைத்தால், முன்சக்கரத் தாங்கிகளை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

பைக் எஞ்சின்

கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டும் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களைப் பார்த்துவிட்டு இந்த ஆசை வரும். ராயல் என்ஃபீல்டு 650இன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 47 குதிரைத்திறன் தருகிறது. 400 கிலோ காரில் வைத்தால் கணக்கு அழகாகத்தான் வருகிறது. சிக்கல் வேறிடத்தில். பைக் வளைவில் சாய்வதால் எண்ணெய் சட்டியின் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, எண்ணெய் ஒரு பக்கமாக ஏறி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் பொசுங்கும். சட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்தே ஆக வேண்டும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. பைக்கின் எடைக்காகச் செய்த கிளட்ச், காரை நிலையிலிருந்து கிளப்பும் ஒவ்வொரு முறையும் தேயும். ஒருவர் மட்டும் உட்காரும் சின்னஞ்சிறு தட வண்டிக்கு இது சரி. பக்கத்தில் ஒருவரை ஏற்ற நினைத்தால் விட்டுவிடுங்கள்.

நடுவிலா, முன்னாலா?

உண்மையான போட்டி மீதமுள்ள இரண்டுக்கும்தான். ஒன்று, மாருதி எஸ்டீமின் எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு மூன்றையும் மொத்தமாகத் தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைப்பது; இதைத்தான் நடு எஞ்சின் என்பார்கள். மற்றொன்று, ஓம்னி அல்லது ஈகோ வேனின் எஞ்சினை மூக்கில் நீளவாக்கில் வைத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றுவது.

ஓட்டுவதற்கு நடு எஞ்சின் காரே சிறந்தது. இதில் வாதாட ஒன்றுமில்லை. எஸ்டீமின் 16 வால்வு 1,300 சிசி எஞ்சின் 85 குதிரைத்திறன் தரும். எடை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களை ஒட்டி உட்காரும். இதற்கு நம் பக்கத்திலேயே பரம்பரை உண்டு. கோவையின் பந்தய ஓட்டுநர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் ஃபார்முலா கார்களும் மாருதி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தவைதான். கோவையில் இருக்கிறவர் இந்த வழியில் போனால் நான் தடுக்க மாட்டேன். ஏற்கனவே செய்து பார்த்த மெக்கானிக்குகள் அவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

சேலத்தில் அந்த வசதி இல்லை. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் இரண்டுக்கும் இடையே நீண்ட தண்ணீர்க் குழாய்கள் ஓட வேண்டும். அவற்றில் காற்றுக் குமிழ் தங்கினால் மே மாத வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். கியர் இணைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். அது நன்றாக அமையாவிட்டால் கார் முழுவதுமே வெறுத்துப்போகும். முன்சக்கரத்தைத் திருப்பிய அதே மூட்டுகள்தாம் இப்போது பின்னால் இருக்கின்றன. அவற்றின் ஸ்டியரிங் கம்பியை அசையாமல் சட்டகத்தோடு பூட்ட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கார் தானாகவே திரும்பப் பார்க்கும்.

வேன் வழியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பின் அச்சு எல்லாம் தொழிற்சாலையில் அமைத்த வரிசையிலேயே வந்து உட்காருகின்றன. ஷாஃப்டின் நீளத்தைக் குறைத்து பேலன்ஸ் பார்க்க லாரிகளுக்குச் செய்யும் பட்டறைகளே போதும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பின் அச்சுக்கு லீஃப் ஸ்பிரிங் வேண்டாம். நான்கு இணைப்புக் கம்பிகள், பக்கவாட்டில் ஒரு கம்பி, காயில் ஸ்பிரிங் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: வேனில் எஞ்சின் எந்தக் கோணத்தில் இருந்ததோ அதே கோணத்தில் இங்கேயும் வையுங்கள். எண்ணெய்ச் சட்டி அந்தக் கோணத்துக்காகச் செய்தது. முன்பக்கம்தான் கொஞ்சம் மூளையைக் கேட்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மாருதியின் உயரமான ஸ்ட்ரட் தாழ்ந்த மூக்கில் அடங்காது. சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் முக்கோணக் கைகளான இரட்டை விஷ்போன் செய்து, ஸ்ட்ரட் பூட்டிய இடத்தில் மேல் பால் ஜாயிண்டைத் தாங்க ஒரு துண்டு கடைய வேண்டும். நல்ல லேத்காரர் அதைச் செய்துவிடுவார். ஆனால் கண்ட இரும்பில் கடையக் கூடாது, அந்தத் துண்டின் மேல்தான் உங்கள் உயிர் நிற்கிறது.

இரண்டு வழிக்கும் சட்டகம் பொதுதான். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம், முடிந்த இடமெல்லாம் முக்கோணம். இதற்குப் பெரும்பாலோர் லாரி பாடி கட்டுகிறவரைத் தேடிப் போகிறார்கள். அவர் கை கனத்த சேனலுக்கும் ஆங்கிளுக்கும் பழகியது. மெல்லிய குழாயில் ஆர்க் வைத்தால் ஓட்டைதான் விழும். பீரோவும் ஸ்டீல் நாற்காலியும் செய்கிறவரிடம், வாயுவில் மெல்லிய கம்பியை ஓட்டி ஒட்டும் சி.ஓ.2 வெல்டிங் இருந்தால், கொடுத்துப் பாருங்கள். முழுச் சட்டகத்தையும் முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டி, அளவு பார்த்து, பிறகு இடம் வலம் மாறி மாறி வெல்டிங் வைக்கச் சொல்ல வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும்.

ஊரில் இரும்பாலை இருக்கும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் என்ன என்ற யோசனை சேலத்துக்காரர் எல்லாருக்கும் வரும். சூட்டில் அது சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும்; கோணல் இன்னும் கூடும். அதைச் சைலன்சரோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்ற, தலைக்கு மேல் வரும் ரோல் பார் மட்டும் வேறு சாதி. சர்வதேசப் பந்தய விதிகள் கேட்பது தையலில்லாக் குளிர் இழுப்புக் குழாய், முதன்மை வளைவுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும். அங்கே காசு பார்க்காதீர்கள்.

வேன் என்று முடிவானபின் எந்த வேன்? ஓம்னியின் 796 சிசி எஞ்சின் சுமார் 35 குதிரைத்திறன்தான். 500 கிலோ காரில் அது டன்னுக்கு 70. சுமார் 920 கிலோ எடையுள்ள ஈகோ வேன், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே டன்னுக்கு 79 தருகிறது. கட்டி முடித்த ஸ்போர்ட்ஸ் காரைப் பால் ஏற்றும் வேன் முந்திப் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். பழைய ஈகோவின் 1,196 சிசி, 73 குதிரைத்திறன் எஞ்சினை 580 கிலோ காரில் வைத்தால் டன்னுக்கு 125 வந்துவிடும். இன்னும் ஆசை இருந்தால் மாருதியின் ஜீப் வகை வண்டியான ஜிப்சியின் 1,300 சிசி எஞ்சின் 80 குதிரைத்திறன் தரும். அதுவும் நீளவாக்கில் உட்காருவது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியாக இருப்பதால் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் ஜிப்சிக்கு மலையேறும் கூட்டத்தின் போட்டி உண்டு. பாகங்களுக்காக உரிப்பதற்கென்று மலிவாகக் கிடைக்காது. என் தேர்வு ஈகோ. சுமை இழுக்கத் தாழ்ந்த கியர் விகிதத்தில் அமைந்த அதன் பின் அச்சு நேர்ப்பாதையில் எஞ்சினைக் கத்தவிடும். அடுத்தடுத்து வளைவுகள் வரும் செட்டிப்பாளையம் போன்ற சிறிய தடத்தில் அதுவே உதவியாகும்.

உரிக்கும் வண்டியை வாங்கும்போது அதன் பதிவை முறையாக ரத்து செய்யச் சொல்லுங்கள். ஓட்டத் தகுதியற்றுப்போன வண்டியைப் பற்றி உரிமையாளர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு போக்குவரத்துச் செலவு. கட்டிய கார் மூன்று மீட்டருக்கு மேல் நீளும் என்பதால் டாடா ஏஸின் தட்டில் அடங்காது. கோவைக்குப் போகவர 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறையும் பெரிய தட்டு வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அதற்கும் பட்ஜெட்டில் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.