ஆர்லாண்டோவில் கார்: டிஸ்னிக்குப் போகாத நாட்களின் கணக்கு

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவை ஒட்டிய கிசிம்மியில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு, விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்ளும் வாடகைக் கார், ஒரு வாரத்துக்குக் குறையாத தங்கல். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிய காலம் தொடங்கி, அவர்கள் எங்களை ரோலர் கோஸ்டருக்கு இழுத்துக்கொண்டு ஓடும் இந்தக் காலம் வரை எங்கள் டிஸ்னி விடுமுறை இப்படித்தான் நடக்கிறது. எந்தப் பூங்காவில் எந்தச் சவாரிக்கு முதலில் ஓட வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பூங்காவுக்குப் போகாத நாட்களைப் பற்றி: காலையில் காரை எடுத்து, ஓரிடத்தைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்புகிற நாட்கள்.

அந்த நாட்களுக்கு டிக்கெட்டே இடம் கொடுக்கிறது. டிஸ்னி வேர்ல்டின் வழக்கமான நான்கு நாள் டிக்கெட்டைத் தொடக்க நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தினால் போதும். ஐந்து நாள் டிக்கெட்டுக்கு எட்டு நாள் அவகாசம். இதைக் கவனிக்காமல் நான்கு நாளும் ஒரே மூச்சில் போகிறவர்கள் மூன்றாம் நாள் மாலையில் என்ன ஆகிறார்கள் என்பதை டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான எப்காட்டின் பெஞ்சுகளில் காணலாம். நாங்கள் இரண்டு நாள் பூங்கா, ஒரு நாள் கார் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தால் இந்த இடைவெளி நாட்கள்தான் அவர்களுக்குச் சுற்றுலா. மற்றவை எங்கள் பைகளுக்குக் காவல் இருந்த நாட்கள்.

எங்கே போவது என்பதில் என் கட்சி ஒன்றுதான்: தூரத்தைப் பார்க்காதீர்கள், திசையைப் பாருங்கள். காரணம் ஐ-4 நெடுஞ்சாலை. டாம்பாவிலிருந்து டேடோனா பீச் வரை 132 மைல் ஓடும் இந்தச் சாலையை ஒட்டித்தான் டிஸ்னி, யுனிவர்சல், ஆர்லாண்டோ நகரம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் நகரத்தை நோக்கிப் போகிறது. மாலையில் அதே கூட்டம் டிஸ்னியைத் தாண்டி சாம்பியன்ஸ்கேட், டேவன்போர்ட் பக்கம் வீடு திரும்புகிறது. கிசிம்மியில் தங்கிக்கொண்டு வடகிழக்கே போகிறவர் போகும்போதும் வரும்போதும் அவர்களோடேயே ஊர்ந்தாக வேண்டும். கிழக்கே கடற்கரைக்கோ தெற்கே ஏரிகள் பக்கமோ போகிறவருக்கு இந்தத் தலைவேதனை பெரும்பாலும் இல்லை. (பலகையில் கிழக்கு என்று போட்டிருக்கும், ஆனால் நகரத்துக்குள் அந்தச் சாலை வடக்கே போய்க்கொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் வழி சொல்கிறவருக்கு இதை முதலிலேயே சொல்லி வைத்தால் குடும்ப அமைதிக்கு நல்லது.)

வடக்கே போயே தீரவேண்டும் என்றால் சுங்கச் சாலைகளைப் பிடியுங்கள். நகரத்தின் கிழக்கு விளிம்பில் 417, மேற்கு விளிம்பில் 429. 429-இன் வடக்குப் பகுதியான வெகீவா பார்க்வே 2024 தொடக்கத்தில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு 429 வழியாகவே சான்ஃபோர்டு வரை போய்விடலாம்; நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் விதிவிலக்கு. அந்த நேரத்தில் ஐ-4 காலியாகக் கிடக்கும். நகரத்துக்கு வடக்கே உள்ள காசல்பெரி கோவிலுக்குப் போய் வர நாங்கள் வைத்திருப்பது அந்த நேரம்தான்.

முதல் பரிந்துரை கென்னடி விண்வெளி மையம். 417-இல் ஏறி 528-க்கு மாறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 528 கடலை நோக்கி நூல் பிடித்ததுபோல் போகும் சாலை. வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, கண்ணில் படும் ராக்கெட் தோட்டத்தில் நின்றுவிடாமல், நேரே நிலவுப் பயண ராக்கெட்டான சாட்டர்ன் 5-இன் காட்சிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அந்தக் கூடம் தனியாக, தொலைவில் இருக்கிறது. பஸ் வரிசை நேரம் ஆக ஆக நீளும், கடைசி பஸ்ஸும் மையம் மூடுவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடும். 363 அடி நீள ராக்கெட் அங்கே படுக்கைவசமாகக் கிடக்கிறது. அதன் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதே அப்பாவுக்கு ஒரு காலை நடைப்பயிற்சி ஆகிவிட்டது.

மதியத்துக்கு மேல் அட்லாண்டிஸ். 33 முறை விண்வெளிக்குப் போய்வந்து 2011 ஜூலையில் ஓய்வு பெற்ற ஓடம் அது. 43.21 பாகை சாய்வில், சரக்கறைக் கதவுகள் விரிந்த நிலையில், பறந்துகொண்டிருப்பதுபோல் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சாய்வில் 4-3-2-1 ஒளிந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். எல்லோரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். கீழே இறங்கி அதன் வயிற்றுப் பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கறுப்பு ஓடுகள் ஒவ்வொன்றிலும் அதன் எண் பொறித்திருக்கிறது. வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழைந்தபோது பட்ட வெப்பத்தின் தடங்கள் சாம்பல் கீற்றுகளாகப் பின்னோக்கி ஓடுகின்றன. கழுவித் துடைத்துப் புதிதாக்காமல் விட்டதற்கு அந்த அருங்காட்சியகத்தாருக்கு ஒரு கும்பிடு.

ராக்கெட் ஏவும் நாளாகப் பார்த்துப் போகலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். கடைசி நிமிடத்தில் தள்ளிப்போடுவது அங்கே சாதாரணம். ஏவினாலும் மையத்துக்கு அருகிலுள்ள டைட்டஸ்வில் பக்கத்துச் சாலைகள் அடைத்துக்கொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் இரவு நேர ஏவுதல் கிசிம்மி வீட்டு வாசலிலிருந்தே கிழக்கு வானத்தில் தெரியும்.

இரண்டாவது, பெரும்பாலான டிஸ்னி பயணிகள் பெயரே கேட்டிராத போக் டவர் தோட்டம். யுஎஸ்-27 சாலையில் தெற்கே லேக் வேல்ஸ்; முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு காலத்தில் இந்த வழியெங்கும் ஆரஞ்சுத் தோப்புகள். 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்ட பசுமை நோய் தோப்புகளைத் தின்றது. மிச்சத்தைக் குடியிருப்பு மனைகள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் போகத் தொடங்கிய காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம் கார் ஜன்னலிலேயே தெரிகிறது. தோட்டம் இருக்கும் மேட்டின் உயரம் 298 அடி. ஃபுளோரிடாவில் அதற்கு மலை என்று பெயர்! 205 அடி உயர இசைக் கோபுரத்தை 1929-இல் அதிபர் கூலிட்ஜ் நேரில் வந்து அர்ப்பணித்தார். உள்ளே 60 மணிகள். இசைப்பவர் மரக் கட்டைகளை முஷ்டியால் தட்டி, காலால் மிதித்து வாசிக்கிறார். பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் கச்சேரி. அதையொட்டி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்துக்குள் ஏறலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், பொதுமக்களை விடுவதில்லை. மர நிழலில் உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே வேலை. டிஸ்னி ஒலிபெருக்கிகளுக்குப் பிறகு அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

குளிர்காலத்தில் மட்டும் என் திசை விதியை நானே மீறுவேன், ப்ளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவுக்காக. ஆரஞ்ச் சிட்டிக்கு அருகே, வடகிழக்கில்தான் இருக்கிறது. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். செயின்ட் ஜான்ஸ் ஆறு குளிரும்போது மானட்டீக்கள் கதகதப்பைத் தேடி ஊற்றோடைக்குள் கூட்டமாக வந்துவிடுகின்றன. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவுக்கு இவை தூரத்துச் சொந்தம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை பருவம். குளிர் கூடக் கூட எண்ணிக்கையும் கூடும், அதனால் பிள்ளைகள் போர்வையை விட மறுக்கும் காலைதான் சரியான காலை. மர நடைபாதையில் நின்றால் கண்ணாடித் தண்ணீரில் சாக்கு மூட்டைகள்போல் கிடப்பவை ஒவ்வொன்றாக மேலே வந்து, மூக்கை மட்டும் நீட்டிப் புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு இறங்கும். முதுகில் படகுச் சுழலி வெட்டிய பழைய வெள்ளைத் தழும்புகளும் தெரியும். பருவத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பூங்கா நிறைந்ததும் வாயிலை அடைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். வார இறுதி என்றால் 8 மணிக்கு வாயிலில் இருங்கள், இல்லையென்றால் அன்று வேறு இடம் பாருங்கள்.

செயின்ட் அகஸ்டின் அழகான ஊர். 1565-இல் ஸ்பானியர்கள் நிறுவியது, கிளிஞ்சல் கல்லால் கட்டிய கோட்டை வேறு. ஆனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம். அங்கே ஓர் இரவு தங்க முடிந்தால் போங்கள். கிளியர்வாட்டரின் வெள்ளை மணலுக்கு ஆசைப்பட்டால் ஐ-4, டாம்பா, அப்புறம் பாலம் என்று மூன்று தடைகள். மார்ச்சில் நினைத்தே பார்க்காதீர்கள். கடலில் காலை நனைக்கப் பிள்ளைகளுக்குக் கோகோ பீச் போதும், அதே 528 சாலை. மியாமி, கீ வெஸ்ட் எல்லாம் ஒரு நாளில் போய்வரும் ஊர்களே அல்ல.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மழையும் சொல்லி வைத்ததுபோல் வரும். வெளியில் நடக்கும் வேலைகளை மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. மழை பெய்தால் காரின் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது ஃபுளோரிடா சட்டம். ஐந்து வயது வரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அளவு சரியாக இருக்கும் என்பதால் நாங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம். மே மாதமும் செப்டம்பரும் ஜோடி ஜோடியாகப் பறக்கும் லவ்பக் பூச்சிகளின் காலம். ஐம்பது மைல் ஓட்டினால் முன்கண்ணாடியும் பம்பரும் கறுத்துப்போகும். அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வண்ணப்பூச்சைக் கெடுக்கும், காரைத் திருப்பித் தரும்போது பேச்சு வளரும்.

சுங்கக் கட்டணத்தைவிட அதை வசூலித்துக் கொடுப்பதற்காக வாடகை நிறுவனம் போடும் தினக்கட்டணம்தான் எரிச்சல். எங்களுக்கு ஒருமுறை சுங்கத்தைவிட அது அதிகமாக வந்தது. ஆர்லாண்டோ விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இலவசமாக விசிட்டர் டோல் பாஸ் தருகிறார்கள். செல்பேசிச் செயலியில் அட்டை எண்ணைப் பதிந்து, பாஸைப் பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கவிட்டால் சுங்கம் மட்டுமே கழியும். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட மறக்கக் கூடாது. பெட்ரோலை முந்தைய இரவே கிசிம்மியில் நிரப்பிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய சில பங்க்குகளில் விலைப்பலகையைப் பார்க்காமல் குழாயைக் கையில் எடுக்காதீர்கள்.