முதலாண்டு விடுதி: ஒன்பது மாத அனுபவம், முக்கியமாக ஒரு கதவைப் பற்றி

சித்தி மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அன்று இரவே எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "அக்கா, விடுதி எடுக்கட்டுமா, வேண்டாமா? அம்மா உங்களைக் கேட்கச் சொன்னார்." ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் "நாளை சொல்கிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். அந்த நாளை இன்றைக்குத்தான் வந்தது.

நான் விடுதியில் இருந்தது 2024 ஆகஸ்டிலிருந்து 2025 மே வரை. எங்கள் வீடு சிங்கப்பூரின் வடகிழக்கே, பொங்கோலில். வளாகமோ தீவின் மேற்கே. வடகிழக்குப் பாதையில் ஏறி, ரயில் மாறி, இறங்கிப் பேருந்துக்கு நின்று வகுப்பறைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். காலை எட்டு மணி வகுப்புக்கு ஆறேகாலுக்கே படியிறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். "சிங்கப்பூருக்குள்ளேயே விடுதியா?" என்று பாட்டி மட்டும் கடைசி வரை சிரித்துக்கொண்டிருந்தார். எந்த விடுதி என்று சொல்லப் போவதில்லை. என் கோபம் ஒரு கதவின் மேல். அதற்காக ஒரு கட்டடத்தின் பெயரைக் கெடுப்பானேன்?

அறையின் அளவு, கட்டணம், உணவுத் திட்டம் எல்லாம் விண்ணப்பிக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது பெண்கள் தளத்தில் தனியறை, மின்விசிறி மட்டும். காற்றுப்பதனி கிடையாது. குளியலறை பொது, நடைவழியின் கோடியில் பேன்ட்ரி, அதாவது பொதுச் சமையலறை. இவ்வளவு போதும், கதவுக்கு வருகிறேன்.

கனமான கதவு. அதன் தலையில், பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி அளவுக்கு ஒரு டோர் குளோசர். அதன் உள்ளே ஒரு சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கும். வில் கதவை இழுக்கும், எண்ணெய் அந்த இழுப்பை அடக்கி மெதுவாக மூடவைக்கும். எண்ணெய் கசிந்துவிட்டால் வில்லுக்குக் கடிவாளம் இல்லை. நான் பெட்டியை இறக்கிவைத்த அன்றே கதவின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கோடு இறங்கியிருந்தது. டிஷ்யூவால் துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. கதவை விட்ட கை விலகுவதற்குள் டமார் என்று ஓர் அடி. பக்கத்து அறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் முதல் வாரத்திலேயே இரண்டு முறை விழுந்தது.

இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். கதவை இடுப்பால் தாங்கி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் விரல் விரலாக விடுவித்து, பூட்டு விழும் கடைசி அங்குலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கடைசி அங்குலத்தில்தான் அது பிடுங்கிக்கொண்டு அறையும்.

இணையத்தில் பழுதுப் புகார் கொடுத்தேன். யாரோ வந்து திருகாணியைத் திருகிவிட்டுப் போனார்கள். பத்து நாள் நிம்மதி, பிறகு பழைய டமார். இரண்டாவது புகாருக்கு "பணி முடிந்தது" என்று மின்னஞ்சல் வந்தது, ஆள் வரவில்லை. மூன்றாவதற்கும் அதே மின்னஞ்சல். அப்போது மனத்துக்குள் நான் சொன்ன தமிழை இங்கே எழுத முடியாது.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். இங்கே இரவிலும் வெப்பம் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஜன்னல் ஒரு பக்கம், கதவு எதிர்ப்பக்கம். கதவு திறந்திருந்தால்தான் காற்று ஊடாகப் போகும், மூடினால் மின்விசிறி வெந்த காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே எங்கள் தளத்தில் எல்லாக் கதவுகளுக்கும் அடியில் ஏதாவது ஒன்று செருகியிருக்கும். செருப்பு, வேதியியல் புத்தகம், உடற்பயிற்சிக் குண்டு, ஓர் அறையில் ஐந்து கிலோ அரிசிப் பை. பல் தேய்க்கப் போகிற வழியில் பதினாறு அறைகளுக்குள்ளும் கண் போகும். யார் அழுகிறாள், யார் தூங்கவே இல்லை, யாருக்கு அம்மா கறி கொடுத்தனுப்பியிருக்கிறார் என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். மேலிரண்டு தளங்கள் காற்றுப்பதனி போட்டவை. முன்பணம் கட்டி ஓட்டுகிற குளிர் என்பதால் கதவுகள் இறுக மூடியே இருக்கும். நடைவழியில் ஹோட்டல் மாதிரி அமைதி. அங்கே இருந்த என் வகுப்புத் தோழி, பக்கத்து அறைக்காரியின் பெயரை ஏப்ரல் மாதத்திலும் கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

கதவுக்கு முட்டுக்கொடுப்பது விதிமீறல். விடுதி அலுவலகம் வாரம் ஒரு முறை சுற்றிவந்து எச்சரிக்கைச் சீட்டு வைத்துவிட்டுப் போகும். விதியில் குறை சொல்ல முடியாது. தீப்பிடித்தால் புகை நடைவழிக்குள் புகாமல் தடுக்கத்தான் அந்தக் கதவு தானாக மூடுகிறது. ஒருத்தி அதிகாலை மூன்று மணிக்கு மேகி மீயில் தண்ணீர் ஊற்ற மறந்து மைக்ரோவேவில் வைத்துவிட்டாள். எச்சரிக்கை மணி அலறி, முந்நூறு பேரும் இரவு உடையில் கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். (ஆண்டு முழுவதும் எங்கள் விடுதி முழுமையாக ஒன்றுகூடியது அந்த ஒரு தடவைதான். அறிமுக வாரத்தில்கூட இல்லை. அதில் கட்டாயப் படைப்பணியான தேசியச் சேவை முடித்து 21 வயதில் வந்த பையன்கள் இரண்டாண்டு கத்திப் பழகிய தொண்டையால் முழக்கமிட, 19 வயதில் வந்த நாங்கள் பின்வரிசையில் வாயசைத்துக்கொண்டிருந்தோம்.)

எதிர் அறையில் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண். இடப்பக்கம் தெம்பனிஸிலிருந்து வந்த மலாய்ப் பெண், கடிகாரத்துக்குச் சொந்தக்காரி. வலப்பக்கம் உபகாரச் சம்பளத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். முதல் வாரம் அவளிடம், "பத்து வெள்ளி இருந்தால் கொடுங்கள், நாளை தருகிறேன்" என்றேன். காலில் கிடந்த கொலுசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "எதுக்குங்க?" என்று திகைத்தாள். இங்கே டாலருக்கு வெள்ளி என்று பெயர் என்பதை விளக்க அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் "நீங்கள்" போய் "நீ" வந்துவிட்டது. ஈப்போக்காரிக்குப் பக்கத்து வீடு தமிழ் வீடாம். எங்கள் பேச்சில் பாதி அவளுக்குப் புரிந்துவிடும், புரியக் கூடாத பாதியும் அதில் சேர்த்தி.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. மறுநாள் காலை கட்டுரை ஒப்படைக்க வேண்டும். எண்ணெய்க் குளியல், சாப்பாடு, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் எல்லாம் முடித்து, அம்மா திணித்த முறுக்கு டின்னோடு இரவு ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பினேன். இரண்டு கையிலும் பை. கதவை முதுகால் தள்ளி உள்ளே போனேன், அது பின்னால் அறைந்தது. டமார். பையைக் கீழே வைக்கவில்லை, எதிர்க் கதவு திறக்கும் ஓசை. "வந்துவிட்டாளா?" என்று நடைவழியில் ஒரு குரல். இரண்டு நிமிடத்தில் என் கட்டிலில் நான்கு பேர், தரையில் மூன்று பேர். மலாய்ப் பெண் முறுக்கை மூக்கருகே பிடித்து, எள்ளா சீரகமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஈப்போக்காரி டின்னை மடியில் வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை என்று பங்கு பிரித்தாள், தனக்கு இரண்டு கூடுதலாக. பதினொன்றரைக்கு டின்னில் தூள்தான் மிச்சம். அந்தத் தூளையும் ஒருத்தி காகிதத்தைக் குவித்து வாயில் கொட்டிக்கொண்டாள். கட்டுரையை விடிய விடிய எழுதினேன், மோசமான கட்டுரை.

அன்றுதான் புரிந்தது, இரண்டு மாதமாக இந்த நடைவழியே என் கதவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. டமார் என்றால் நான் வந்துவிட்டேன், இரண்டாவது டமார் என்றால் குளிக்கப் போகிறேன், பதினொரு மணிக்கு மேல் டமார் என்றால் பரோட்டாவும் தே தாரிக்கும் தேடிக் கிளம்புகிறேன், கூட வர விரும்புகிறவர்கள் செருப்பை மாட்டலாம்.

இதற்கு நடுவே விடுதி தன் பங்குக்கு ஒற்றுமை வளர்த்தது. அதற்குப் பெயர் புள்ளிகள். இரண்டாம் ஆண்டும் அறை வேண்டுமென்றால் விளையாட்டு, நாடகம், குழுப் பொறுப்பு என்று எதிலாவது சேர்ந்து புள்ளி சேர்க்க வேண்டும். நான் வலைப்பந்தில் சேர்ந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டேன். பிறகு புகைப்படக் குழுவில் சேர்ந்து, அரையிருட்டில் யாரென்று தெரியாத முதுகுகளைப் படம் எடுத்தேன். அதற்குப் புள்ளி உண்டு. படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று பெட்டி கட்டிய கோயம்புத்தூர்க்காரியோடு நான்கு இரவு பேன்ட்ரியில் உட்கார்ந்திருந்தோமே, ஈப்போக்காரியும் நானும், அதற்குப் புள்ளி கிடையாது. கொடுத்திருந்தால் கேவலமாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் எரிகிறது.

தங்கைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலும் வாய்ப்பு இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், கெண்ட் ரிட்ஜ் பக்கம் பழைய பாணி ஹால்கள் ஒரு வகை, யூனிவர்சிட்டி டவுனில் இருக்கும் தங்கிப் படிக்கும் கல்லூரிகள் வேறு வகை. அங்கே சில பாடங்களும் விடுதியோடு சேர்ந்தே வரும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள், பூன் லே ரயில் நிலையத்திலிருந்து 179, 199 பேருந்துகள். எங்கே போனாலும் புள்ளி விதியைச் சேரும் முன்பே படித்துவிடு.

ஜனவரி முதல் வாரத்தில், நான்காவது புகாருக்கு, உண்மையிலேயே ஆள் வந்தார். ஏணியைச் சாத்திவிட்டு என் மேசையில் இருந்த பிள்ளையாரைப் பார்த்தார். "தமிழா தங்கச்சி?" பட்டுக்கோட்டைப் பக்கம், இங்கே வந்து ஒன்பது வருடம் என்றார். குளோசரின் பக்கவாட்டில் இரண்டு திருகாணிகளைக் காட்டினார். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசியில் பூட்டு விழும் வேகத்துக்கு. "எண்ணெய் போன பிறகு இதை எத்தனை திருகினாலும் பிரயோசனம் இல்லை. மாற்றத்தான் வேண்டும். முன்பு வந்தவருக்கும் தெரிந்திருக்கும்." பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். செங்கல் கனம், பிசுபிசுப்பு. புதியதை மாட்டி, கதவைத் திறந்து விட்டு, திருகி, மறுபடி விட்டு, ஆறாவது தடவை கதவு பூனை மாதிரி வந்து படுத்தது. நான் கை தட்டினேன். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, "எங்கள் விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரு கதவு. அது மூடுவதே இல்லை" என்று சிரித்தார். வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவது, மாணவர்கள் தங்குவது, இரண்டுக்கும் தமிழில் விடுதி என்றுதான் பெயர். அதுவரை எனக்கு அது உறைத்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஜனவரி 14, பொங்கல். வீட்டுக்குப் போய்விட்டு, சர்க்கரைப் பொங்கலை இரண்டு டப்பாவில் நிறைத்துக்கொண்டு வந்தேன். கதவு ஓசையில்லாமல் மூடியது. உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். எழுந்துபோய்க் கதவைத் தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். ஏனோ போகவில்லை. ஐந்து மாதமாக யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அவர்களாகவே வருவார்கள். செருப்பைச் செருகலாம் என்றால், போன வாரம்தான் இரண்டாவது எச்சரிக்கைச் சீட்டு. மூன்றாவது வந்தால் புள்ளி போகும். ஒரு டப்பாவை நானே தின்றேன். மற்றதை பேன்ட்ரிக் குளிர்பதனியில் பெயர் எழுதி வைத்தேன். இரண்டு நாள் கழித்து, வந்தது தெரியவே தெரியாது என்று மூன்று பேரும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

எல்லாவற்றையும் கதவின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இரண்டாம் பருவத்தில் எல்லோருக்கும் குழு வேலை, வேறு நண்பர்கள், ஒருத்திக்குக் காதல். எப்படியும் கொஞ்சம் கலைந்திருப்போம். நாங்கள் நால்வரும் இன்றும் மாதம் ஒரு முறை தேக்காவில் சந்தித்துத் தோசை சாப்பிடுகிறோம். அந்த ஒன்பது மாதம் இல்லாவிட்டால் எனக்கு இவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

மேயில் மின்னஞ்சல் வந்தது. எனக்கு இரண்டு புள்ளி குறைவு, அறை இல்லை. இப்போது மறுபடி பொங்கோலிலிருந்து போய்வருகிறேன். இன்று காலை ரயிலில் ஒருவர் குடை முனையை என் பாதத்தில் ஊன்றிக்கொண்டே ஹார்பர்ஃபிரண்ட் வரை வந்தார்.

ஆகவே தங்கச்சி, என் பதில்: வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இவ்வளவையும் சொல்லிவிட்டு இரண்டுதானா என்று கேட்பாய். புள்ளிக் கணக்கு போட்டவர்களுக்கு நான் போடும் புள்ளி அது. உட்லண்ட்ஸிலிருந்து உனக்குப் பயணமும் என் அளவுக்கு மோசமில்லை.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். போனால், காற்றுப்பதனி இல்லாத தளத்தைக் கேள். பேன்ட்ரிக்கு ஒட்டிய அறை வேண்டாம், இரண்டு அறை தள்ளி எடு. சாவி வாங்கியதும் கதவைத் திறந்து விட்டுப் பார். மேல் மூலையில் பழுப்புக் கோடு இருந்தால் டிஷ்யூவால் துடைத்துக்கொள். புகாரைத் தீபாவளி கழிந்த பிறகு கொடு.