கால்பந்து அணிக்கு எந்தப் பயிற்சியாளர் பொருத்தம், ஆன்சலோட்டியா, கான்டேயா? வாரத்துக்கு எத்தனை ஆட்டம் என்பதைப் பொறுத்தது

1994 உலகக் கோப்பையில் அரிகோ சாக்கியின் இத்தாலி அணியில் அன்டோனியோ கான்டே நடுக்கள ஆட்டக்காரர். கார்லோ ஆன்சலோட்டி, சாக்கியின் உதவிப் பயிற்சியாளர். பின்னர் யுவென்டஸில் ஆன்சலோட்டியின் கீழேயே கான்டே ஆடினார். அப்படியிருந்தும் பயிற்சியாளர்களான பிறகு இருவரும் அணியைக் கட்டும் முறை ஒட்டவே ஒட்டாது.

கான்டேக்கு முதலில் அமைப்பு, பிறகுதான் ஆள். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 எனத் தோற்றுக்கொண்டிருந்தபோதே தன் செல்சி அணியைப் பின்வரிசையில் மூன்று தடுப்பாளர்களுக்கு மாற்றினார். அடுத்த ஆட்டத்திலிருந்து 3-4-3: தடுப்பில் மூவர், நடுவில் நால்வர், முன்னே மூவர். பக்கத் தடுப்பாளரான அஸ்பிலிகுவேத்தா மூவரில் வலப்புறம் வந்தார், பக்கக்கோட்டில் தாக்கும் விங்கர் மோசஸ், அதே கோட்டில் தடுப்பையும் தாக்குதலையும் பார்க்கும் விங்-பேக் ஆனார். தொடர்ந்து 13 லீக் வெற்றிகள், கடைசியில் பட்டம். பந்து யாரிடம் இருந்தால் யார் எங்கே ஓட வேண்டும் என்பதை உடம்புக்குப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். அதற்குப் பயிற்சி நாட்கள் வேண்டும்.

அவர் பட்டம் வென்ற பருவங்களில் சிலவற்றைப் பாருங்கள். 2011-12 யுவென்டஸ், 2016-17 செல்சி, 2024-25 நாப்போலி: மூன்று அணிகளுக்கும் அந்தப் பருவத்தில், வார நடுவில் நடக்கும் ஐரோப்பியக் கிளப் போட்டியே கிடையாது. 2020-21 இன்டர், டிசம்பரிலேயே ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறிவிட்டது. முந்தைய பருவத்தில் 7ஆம், 10ஆம் இடத்தில் கிடந்த அணிகளை முதலிடத்துக்குத் தூக்கியது பெரிய சாதனைதான். ஆனால் புதன்கிழமையும் ஆட வேண்டியிருந்தால்? சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதியைத் தாண்டிய பருவம் அவர் கணக்கில் இல்லை. விங்-பேக்குகள் களைத்தால் முன்னே ஏறும் கால் நின்றுவிடும். மூவர் வரிசை ஐவர் வரிசையாகச் சுருங்கி, எதிரணி பந்தை விருப்பம்போல் உருட்டும்.

ஆன்சலோட்டியும் தொடக்கத்தில் இறுக்கமானவர்தான். பார்மாவில் தன் 4-4-2இல் இடமில்லை என்று இத்தாலிய நட்சத்திரம் ராபர்ட்டோ பாஜியோவையே வேண்டாமென்றார். மிலானில் மாறினார்: தாக்குதல் நடுக்கள ஆட்டக்காரரான பிர்லோவைத் தடுப்புக்கு முன்னால் இறக்கி, ஓடிப் பறிக்கும் வேலையைப் பக்கத்தில் கட்டூசோவிடம் கொடுத்தார்.

2013-14 ரியல் மாட்ரிட் இன்னும் நுட்பம். விங்கர் டி மரியாவை நடுக்கள மூவரில் இடப்புறம் நிறுத்தினார். பந்து எதிரணியிடம் போனதும் அவர் இடக்கோட்டுக்கு விரிவார், பேல் வலப்புறம் இறங்குவார். 4-3-3 அப்படியே 4-4-2 ஆகும். ரொனால்டோ பின்னால் ஓடித் தடுக்க வேண்டியதில்லை. லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், கூடுதல் நேரத்தில் 4-1, கோப்பை. இதற்கு மாதக்கணக்கான ஒத்திகை தேவையில்லை. இரண்டு பேரின் வேலை மாறினால் போதும்.

குறை இங்கேயும் உண்டு. மிலானில் ஏறக்குறைய எட்டு ஆண்டில் ஒரே ஒரு லீக் பட்டம். பலவீனமான அணிகளை வாராவாரம் அரைத்துத் தள்ளும் விடாப்பிடி கான்டேயிடம்தான் அதிகம். வாரம் ஒரே ஆட்டம், அணியும் சரிந்து கிடக்கிறது என்றால் கான்டே. செவ்வாய், சனி என்று மாறி மாறி ஆட வேண்டிய, நட்சத்திரங்கள் நிறைந்த அணி என்றால் ஆன்சலோட்டி. 2006-07இல் அவருடைய மிலான் லீக்கில் 4ஆம் இடம். அதே மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை 2-1 என வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன்.