என்சிலாடா சிவப்புக் கட்டடத்தில் ஏழு ஆண்டுகள்

டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரின் மையப் பொது நூலகத்தைத் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகொரெட்டா வடிவமைத்து 1995-இல் திறக்கப்பட்ட அந்த ஆறு தளக் கட்டடத்தின் நிறத்தை ஊர்மக்கள் ‘என்சிலாடா சிவப்பு’ என்றே சொல்கிறார்கள். மிளகாய்க் குழம்பில் தோய்த்தெடுத்த சோளரொட்டியின் நிறம் அது. அதன் முதல் தளத்தில், அதாவது நம் கணக்கில் தரைத்தளத்தில், 2017-இல் திறக்கப்பட்ட, லத்தீனோக்கள் எனப்படும் லத்தீன் அமெரிக்க வழியினரைப் பற்றிய நூல்களைக் கொண்ட லத்தீனோ தொகுப்பு மற்றும் வள மையத்தை ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆய்வாளனாக அன்று, பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, இந்த ஊர் யாருடையது என்று தெரிந்துகொள்ள விரும்பிய சாதாரண வாசகனாகவே அங்கே போகிறேன்.

ஒரு தனித் தொகுப்பு எதற்கு, எல்லா நூல்களையும் பொது அடுக்குகளிலேயே வைத்தால் ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். முன்பு நான் வசித்த வேறோர் ஊரின் நூலகத்தில் பட்ட அலைச்சலே அதற்கு விடை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் அமெரிக்க ஆங்கிலக் கவிதைக்கு எண் 811, ஸ்பானியக் கவிதைக்கு 861. ஒரே கவிதையில் இரண்டு மொழிகளையும் கலந்து எழுதும் சிகானோ, அதாவது மெக்சிகோ வழி அமெரிக்கக் கவிஞரின் ஒரு நூல் ஓர் அடுக்கிலும் அடுத்த நூல் ஐம்பது எண்கள் தள்ளியும் போய் அமர்ந்துவிடும். அதே மக்களின் சமூக நிலை பற்றிய நூல் 305.8-இலும், சமையல் 641.5-இலும், வரலாறு 973-இலும் இருக்கும். பகுப்பின் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை ஐந்து தெருக்களில் குடிவைத்தது போன்ற ஏற்பாடு அது. இங்கே எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருப்பதால், தேடாத நூல் கைக்கு வருகிறது. எனக்குக் கிடைத்த பயனில் பாதிக்கு மேல் அப்படி வந்ததுதான்.

முதன்முதலில் போனது என் மகளின் பள்ளிப் பாடத்துக்காக. டெக்சாஸ் வரலாற்றை நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். அவளுக்குக் கிடைத்த தலைப்பு 1938-ஆம் ஆண்டின் பீக்கன் கொட்டை உடைப்போர் வேலைநிறுத்தம். இயந்திரத்தைவிட மனிதக் கூலி மலிவாக இருந்ததால், இந்நகரின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ வழியினரை, அவர்களிலும் பெரும்பாலும் பெண்களை, நெருக்கமான கொட்டகைகளில் உட்காரவைத்துக் கையாலேயே பருப்பைப் பிரித்தெடுக்கச் செய்தார்கள். ராத்தலுக்கு ஆறேழு சென்ட்டாக இருந்த கூலியில் ஒரு சென்ட்டைக் குறைத்தபோது, ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 12,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தனர். முன்னின்ற எம்மா டெனயூக்காவுக்கு அப்போது வயது 21. அந்நாளில் நாடு முழுவதும் லட்சம் பேருக்கு 54 பேர் காசநோயால் இறந்தார்கள் என்றால், இந்நகரில் அந்த எண்ணிக்கை 148. பருப்புத் தோலின் தூசு அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தக் கொட்டகைகளின் புகைப்படம் ஒன்றை மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்த முதியவர் எழுந்து வந்து, படத்திலிருந்த பெண்ணின் கையைச் சுட்டிக்காட்டினார். கொட்டையின் இரு முனைகளையும் முதலில் தட்டிவிட்டு, பிறகு கட்டைவிரல் நகத்தை ஓட்டின் விளிம்பில் நுழைத்து, பருப்பு உடையாமல் நெம்ப வேண்டுமாம். முழுப் பாதிகளாக வந்தால்தான் நல்ல கூலி, நொறுங்கினால் குறைவு. “என் அம்மாவுக்கு அந்த விரலில் நகம் கடைசிவரை நேராக வளரவே இல்லை” என்று சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டார். மகள் தன் கட்டுரையில் அதை எழுதவில்லை. ‘அது அந்தத் தாத்தாவுடையது’ என்றாள்.

இந்த வேலைநிறுத்தத்தின் பின்கதை எனக்குத் தொடர்ந்த வாசிப்பில்தான் கிடைத்தது. நடுவர் தீர்ப்பால் கூலி சற்று உயர்ந்தது. அதே ஆண்டில் வந்த கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்ததும், ஆலைகள் மறுபடி இயந்திரங்களை நிறுவி, ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. டெனயூக்கா ஊரைவிட்டே போக நேர்ந்தது. 1968-இல்தான் திரும்பி வந்து ஆசிரியராகப் பணியாற்றினார். அதே 1968-இன் மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், ஒழுகும் கூரையையும் தகுதியற்ற ஆசிரியர்களையும் எதிர்த்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். அந்தப் பகுதிப் பெற்றோர்கள், பள்ளிகளுக்குக் கிடைக்கும் நிதி சமமாக இல்லை என்று தொடுத்த வழக்கு, 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. வேலைநிறுத்தத்துக்கும் வழக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் இரண்டும் நடந்தது நகரின் ஒரே பக்கத்தில் என்பது, அருகருகே நூல்களை வைத்துப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புதிதாக வருவோருக்கு ஒரு குறிப்பு. முதல் ஓராண்டு நான் ‘லத்தீனோ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நூற்பட்டியலில் தேடி ஏமாந்தேன். குற்றம் பட்டியலில் இல்லை, என்னிடம்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காலம் உண்டு. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘மெக்சிகன்’ என்பதையே ஓர் இனமாகப் பதிந்தது; ‘சிகானோ’ என்பது அறுபதுகளின் போராட்டங்களில் தலைநிமிர்ந்த சொல்; ‘ஹிஸ்பானிக்’ 1980 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கேட்கப்பட்டது; ‘டெஹானோ’ டெக்சாஸ் மண்ணுக்கே உரியது. தேடும் காலத்துக்கு ஏற்ற சொல்லைத் தட்டச்சு செய்தால்தான் அக்காலத்து நூல் வெளியே வரும். நூலகங்களின் பொருள் தலைப்புகளும் இப்படியே மாறுகின்றன: அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பைக் கைவிட இறுதி முடிவெடுத்தது 2021-இல்தான்.

ஸ்பானிய மொழி தெரியாமல் இந்த அறையால் பயனுண்டா என்றால், நிச்சயமாக உண்டு. ஆங்கில நூல்களே பல ஆண்டுகளுக்குப் போதும். இருந்தாலும் இருமொழிக் குழந்தைநூல்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இடப்பக்கத்தில் ஒரு மொழி, வலப்பக்கத்தில் மற்றொன்று என அச்சிட்டவற்றைச் சிறுபிள்ளைபோல் விரல்வைத்துப் படித்துத்தான் நான் ஸ்பானியம் கற்றேன். ஐம்பதை நெருங்கும் மனிதர் தவளைக் கதை படிப்பதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இப்போது, இக்னாசியோ லொசானோ 1913-இல் இந்நகரில் தொடங்கிய ‘லா பிரென்சா’ நாளிதழின் மின்னாக்கம் செய்யப்பட்ட பழைய பக்கங்களை வீட்டுக் கணினியில் படிக்க முயல்கிறேன். மெக்சிகோப் புரட்சியிலிருந்து தப்பிவந்தவர்கள் தங்கள் நாட்டுச் செய்திக்காகக் காத்திருந்து வாங்கிய தாள் அது. ஒரு பத்திக்கு இருபது நிமிடம் ஆகிறது. புரியாத சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை காலையில் மறுபடியும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குப் போகிறேன்.